சுவரின் அடி நாலு அங்குலம்



புது வீட்டுக்குள் யாராவது வந்தால் முதலில் கூரையை நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு கதவு, ஜன்னல், பெயின்டின் நிறம். சுவர் வந்து நிலத்தில் முட்டும் இடத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆனால் ஒரு வீடு கெட்டுப்போகத் தொடங்கினால் அநேகமாக அந்த இடத்தில்தான் தொடங்கும். பூச்சு உப்பிப் பொரியும், பெயின்ட் உரியும், மூலையில் கறையான் மண் கட்டும்.

அந்த இடத்தைக் காப்பதற்குச் சுவரின் அடியில் ஓடுகிற பட்டைக்கு ‘ஸ்கேர்ட்டிங்’ என்று பெயர். மேசன்மாரும் தச்சுப் பாஸ்மாரும் அப்படித்தான் சொல்வார்கள், நாமும் அதே சொல்லை வைத்துக்கொள்வோம். அதை எதில் போடுவது, எப்படிப் போடுவது, போடுவதற்கு முன் எதைப் பார்ப்பது என்பவற்றை இந்த இதழில் விளக்குகிறோம்.

ஏன் புளியங்குளத்தில் தொடங்குகிறோம்?

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போனால் ஓமந்தையைக் கடந்ததும் புளியங்குளம் வரும். நெடுங்கேணிக்குப் போகும் வீதி அந்தச் சந்தியில்தான் பிரிகிறது. நம் தோட்டங்களில் பலருக்கு அந்தப் பக்கத்தில் உறவுகள் உண்டு. 1958 கலவரத்துக்குப் பிறகும், 1970களின் நடுவில் தோட்டங்களில் பட்டினி வாட்டிய காலத்திலும், 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கானவை. வவுனியாவைத் தளமாகக் கொண்டு இயங்கிய காந்தியம் அமைப்பு அப்படி வந்தவர்களை வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியமர்த்தியது. காட்டை வெட்டி, கிணறு தோண்டி, மண் சுவர் வைத்து, கிடுகு வேய்ந்து அவர்கள் வாழ்ந்தார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. 1997இல் ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையின்போது புளியங்குளம் மாதக்கணக்கில் போர்க்களமாக இருந்தது. அங்கே முழுதாக மிஞ்சிய சுவர்கள் குறைவு. 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பியபோது வீட்டை அத்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கு, கிழக்குக்கும் 4,000 வீடுகள் மலையகத் தோட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. வடக்கில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாக வீட்டுக்காரரின் கணக்குக்கே வந்தது. தானே மேசனைப் பிடித்து, தானே சாமான் வாங்கி, தானே கட்டுவிப்பதுதான் முறை. காசு கூரையோடு முடிந்துபோக, “உள்வேலையைப் பிறகு பார்ப்போம்” என்று நின்ற வீடுகளும் உண்டு. மலையகத்தில் 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்ற குடும்பங்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல.

லயத்தில் இருந்தவரை சுவர் தோட்டத்துடையது. பழுதானால் தோட்டக் கந்தோருக்குப் போய்ச் சொல்ல வேண்டும், அவர்கள் செய்தால் உண்டு. சொந்த வீட்டில் சுவர் நம்முடையது, அதன் பழுதும் நம்முடையது. ஆகவே அடி நாலு அங்குலத்தைப் பற்றி நாமே தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கேர்ட்டிங் எதற்கு?

துரை பங்களாவில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த சாமான். பலகை நிலமும், சுவரடியில் நாலு, ஆறு அங்குல உயரத்துக்குப் பொலிஷ் போட்ட பலகையும் பல பங்களாக்களில் இன்றும் உண்டு. வெள்ளைக்காரர் தம் ஊர் வழக்கப்படி அதைப் போட்டார்கள். பலகை நிலம் காலநிலைக்கு ஏற்பச் சுருங்கும், விரியும். அதனால் சுவருக்கும் நிலத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை மறைக்கவும், சுவரின் அடிப்பூச்சு கதிரைக் காலும் செருப்பும் பட்டு உடையாமல் இருக்கவும் அந்தப் பலகை.

நம் ஆட்களுக்கும் இந்தப் புத்தி இல்லாமலில்லை. மண் வீட்டில் நிலத்தைச் சாணியால் மெழுகும்போது பெண்கள் அதே கையோடு சுவரின் அடியையும் ஒரு சாண் உயரத்துக்கு மெழுகி விடுவார்கள். மூலையில் கைவிரலால் வளைத்து இழுப்பார்கள், குப்பை தங்காது. லயத்துச் சுவருக்கு வெள்ளையடித்து அடியில் கறுப்புத் தார் பூசுவதும் இதே நோக்கத்துக்குத்தான். பெயர் வேறு, வேலை ஒன்று.

சுருக்கமாகச் சொன்னால் ஸ்கேர்ட்டிங் செய்வது மூன்று வேலை:

1. நிலமும் சுவரும் சேரும் வெடிப்பை மூடுகிறது.
2. நிலம் கழுவும் தண்ணீரும் விளக்குமாறும் சுவர்ப் பூச்சில் படாமல் காக்கிறது.
3. மூலையைச் சுத்தமாக வைத்திருக்க உதவுகிறது.

அது செய்யாத வேலை ஒன்றும் உண்டு. சுவருக்குள் ஏறும் ஈரத்தை அது நிறுத்தாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பலகையா, சீமெந்தா, டைலா?

வன்னியில் வீட்டு வேலை நடக்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். வீட்டுக்காரர் மலையகத்திலிருந்து வந்தவர், மேசன் அந்த ஊர்க்காரர்.

“என்னாங்க அண்ணே, பங்களாவுல போட்ட மாதிரி பலகை அடிச்சா நல்லா இருக்குமில்ல?”

“வடிவாத்தான் இருக்கும் தம்பி. ஆனா உங்களுக்கில்லை, கறையானுக்கு. ரெண்டு மாரி தாங்காது.”

“அப்ப ஒண்ணும் போடாம விட்டுறலாமா? நாலு இஞ்சிக்கு எதுக்கு வீண் செலவு?”

“உந்த நாலு இஞ்சியை விட்டா, பிறகு நாலு அடிக்குப் பூச்சை உடைச்சுப் பூச வேணும். எது செலவு எண்டு நீங்களே யோசியுங்கோ.”

மேசன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வன்னி உலர் வலயம். மழை பெரும்பாலும் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஒரேயடியாகக் கொட்டும், பிறகு மாதக்கணக்கில் வெயில். மாரியில் நிலம் ஊறி, கோடையில் வெடிக்கும். அந்தச் செம்மண்ணில் கறையான் புற்று இல்லாத காணி அபூர்வம். சுவரோடு ஒட்டி, நிலத்தைத் தொட்டு நிற்கும் பலகை கறையானுக்குப் போட்ட பாய் மாதிரி. பலகையின் முன்பக்கம் பெயின்ட் பளபளவென்று இருக்க, பின்பக்கம் உள்ளே தின்று முடித்திருக்கும். கையால் தட்டினால்தான் தெரியும்.

ஆகவே வன்னி வீட்டுக்குச் சீமெந்து ஸ்கேர்ட்டிங் அல்லது டைல் ஸ்கேர்ட்டிங்தான் பொருத்தம். மலையகத்தில் பலகை வைக்கலாம், ஆனால் சுவர் காய்ந்திருக்க வேண்டும். அதற்கான முறையைப் பின்னால் தருகிறோம்.

முதலில் ஈரத்தைத் தேடுங்கள்

செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பஞ்சு மாதிரி. அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நிலத்து ஈரம் அந்தத் துவாரங்கள் வழியே மேலே ஏறும். இதைத் தடுக்கத்தான் அத்திவாரம் முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் ஈரத்தடுப்புப் படை போடுகிறார்கள். செறிவான சீமெந்துச் சாந்தை இட்டு, மேலே தார் பூசி மணல் தூவுவார்கள், அல்லது தடித்த பொலித்தீன் விரிப்பார்கள். காசு போதாத இடத்தில் முதலில் விடுபடுவது இந்தப் படைதான், ஏனென்றால் கட்டி முடித்த பிறகு அது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஏறிய ஈரம் சுவரின் அடியில் காற்றுப்பட்டுக் காயும். காயும்போது மண்ணிலும் கல்லிலும் இருந்த உப்பை அங்கே விட்டுப் போகும். வெள்ளையாக மாவு பூத்தது போலத் தெரிவது அந்த உப்புத்தான். உப்பு பூச்சுக்குள் படிகமாகும்போது பூச்சைத் தள்ளி உடைக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அப்படி ஈரம் ஏறும் சுவரின் அடியை நல்ல சீமெந்தால் இறுக்கி மூடினால் என்ன நடக்கும்? தண்ணீர் வற்றவில்லை, வெளியே வரும் வழிதான் அடைபட்டது. அது பட்டையைத் தாண்டி இன்னும் மேலே ஏறி அங்கே பொரியும். சிலர் பட்டையை உயர்த்திக்கொண்டே போவார்கள். முதலில் நாலு அங்குலம், பிறகு ஒரு அடி, பிறகு மூன்றடிக்கு டைல். ஈரமும் கூடவே ஏறும். காசுதான் கரையும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பொலித்தீன் ஒன்றை வெட்டிச் சுவரின் அடியில் ஒட்டுங்கள். நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் மூட வேண்டும். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

- பொலித்தீனின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.
- வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம், நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தது.

வன்னியில் முதலாவதுதான் அதிகம். நுவரெலியா, தலவாக்கலை போன்ற குளிரான இடங்களில் இரண்டாவதும் உண்டு. அடுப்புப் புகையும் ஆவியும் வெளியே போக வழியில்லாத காம்பிராவில் சுவர் வியர்க்கும். அதற்கு மருந்து ஜன்னலும் புகைபோக்கியும்தான்.

சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் ஸ்கேர்ட்டிங் போடும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. வீட்டைச் சுற்றியுள்ள மண் வீட்டின் உள்நிலத்தை விட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரோடு மண் குவிந்திருந்தால் வெட்டி எடுங்கள்.
2. வெளிச்சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்குக் கொங்கிறீட் போட்டு, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். அதுவரை கல் பரப்பினாலும் மழைத் தெறிப்புக் குறையும்.
3. பீலி பூட்ட முடிந்தால் பூட்டுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் குழி பறிக்கக் கூடாது.
4. மலையகத்தில் வீட்டின் பின்னால் மண்மேடு இருந்தால் மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே கான் வெட்டி, அது அடைபடாமல் பாருங்கள்.
5. பூச்சட்டி, குளிக்கும் இடம், பாத்திரம் கழுவும் இடம் எதையும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.
6. உப்புப் பூத்த பூச்சை உடைத்து எடுங்கள். உப்பைத் தண்ணீரால் கழுவாமல் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்புத் திரும்பச் சுவருக்குள் போகும்.

இவற்றைச் செய்து ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காய விடுங்கள். வன்னியில் ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள் நல்ல காலம். மலையகத்தின் மேற்குப் பக்கத்தில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். காய விடும் நாட்களில் எண்ணெய்ப் பெயின்ட் பூச வேண்டாம். சுண்ணாம்பு பூசலாம், அதனூடாகச் சுவர் மூச்சு விடும்.

சீமெந்து ஸ்கேர்ட்டிங் போடும் முறை

மிகவும் செலவு குறைந்தது இதுதான். கை பழகிய ஒருவர் ஒரு காம்பிராவை ஒரு நாளில் முடிக்கலாம்.

1. நிலத்திலிருந்து நாலு அங்குலம் அளந்து சுவரைச் சுற்றிச் சுண்ணாம்பு நூலால் கோடு அடியுங்கள். நிலம் மேடு பள்ளமாக இருந்தால் நிலத்தை நம்பாமல் நீர்மட்டம் பிடித்துக் கோடு போடுங்கள். கோடு சாய்ந்தால் அறையே சாய்ந்தது போலத் தெரியும்.
2. கோட்டுக்குக் கீழே பூச்சு இருந்தால் உளியால் கொத்தி எடுங்கள். வழவழப்பான சீமெந்தாக இருந்தால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். தூசியைத் தட்டி, சுவரை நன்றாக நனையுங்கள். காய்ந்த சுவர் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு சாந்து பிடிக்காது.
3. சீமெந்தைத் தண்ணீரில் கரைத்துப் பாலாக்கித் தூரிகையால் பூசுங்கள். அது காயும் முன் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.
4. ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு அரித்த ஆற்று மணல். மணலைக் கையில் பிசைந்தால் சேறு ஒட்டக் கூடாது. கடற்கரைப் பக்க மணலானால் உப்பு இருக்கும், அதைச் சேர்க்காதீர்கள்.
5. மேல் கோட்டில் நேரான பலகை ஒன்றைத் தற்காலிகமாகப் பிடித்து, அதன் கீழே அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் தடிப்புக்குச் சாந்தை அழுத்தி அப்புங்கள். சுவர்ப் பூச்சை விடக் கால் அங்குலம் மட்டும் வெளியே நின்றால் போதும். அதிகம் நீட்டினால் மேல் விளிம்பில் தூசி தங்கும்.
6. மேல் விளிம்பைச் சற்றுச் சரித்து விடுங்கள். நிலத்தோடு சேரும் மூலையை ஒரு சோடாப் போத்தலின் பக்கத்தால் இழுத்து வளைவாக்குங்கள். மெழுகும்போது நம் அம்மாமார் விரலால் செய்த வேலைதான் இது.
7. சிவப்போ பச்சையோ வேண்டுமானால் சாந்து இறுகும் முன் நிறத்தூள் கலந்த சீமெந்தை மெல்லிதாகப் பூசி இரும்புக் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். நிறத்தூளைச் சீமெந்தோடு காய்ந்த நிலையில் ஒரேயடியாகக் கலந்து வையுங்கள். அறைக்கு அறை கலந்தால் நிறம் மாறும்.
8. மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடி நனைத்து வாருங்கள். வன்னி வெயிலில் இதைச் செய்யாவிட்டால் மயிரிழை வெடிப்பு நிச்சயம். அந்த வெடிப்பு கறையானுக்குப் போதும்.

எவ்வளவு சாமான் வேண்டும்? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் சுற்றளவு 44 அடி. கதவுக்கு 3 அடி கழித்தால் 41 அடி. நாலு அங்குல உயரம், முக்கால் அங்குலத் தடிப்பு என்றால் 50 கிலோ சீமெந்துப் பை ஒன்று இப்படிப்பட்ட நாலு அறைகளுக்குக் கிட்டத்தட்டப் போதும். மேசன் ஓர் அறைக்கே ஒரு பை கேட்டால் கணக்கைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

டைல் வைப்பவர்களுக்கு

நிலத்துக்கு டைல் பதித்த வீட்டில் அதே டைலை வெட்டி ஸ்கேர்ட்டிங் வைக்கலாம். ஓரடிச் சதுர டைல் ஒன்றிலிருந்து நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக மூன்று துண்டு கிடைக்கும். மேலே சொன்ன அறைக்கு 14 டைல் வேண்டும், உடைவதற்கும் சேர்த்து 16 வாங்குங்கள். நிலத்து டைலை முதலில் முடித்து, அதன் மேல் ஸ்கேர்ட்டிங் துண்டை நிறுத்துங்கள். தொழிற்சாலை விளிம்பு மேலே இருக்கட்டும், வெட்டிய விளிம்பு கீழே போகட்டும். துண்டுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி விட்டுப் பிறகு நிரப்புங்கள். பசையை நாலு மூலையில் மட்டும் பொட்டு வைத்து ஒட்டினால் நடுவில் வெற்றிடம் நிற்கும். அங்கே எறும்பும் கறையானும் வீடு கட்டும். முழுப் பின்பக்கத்துக்கும் பசை பூசுங்கள்.

கிரைண்டரில் டைல் வெட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தூசி சாதாரணத் தூசி அல்ல. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது. தண்ணீர் ஊற்றி வெட்டுங்கள், கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள், சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பலகைதான் வேண்டுமென்றால்

மலையகத்தில் காய்ந்த சுவரும் நல்ல ஈரத்தடுப்புப் படையும் உள்ள வீட்டில் பலகை ஸ்கேர்ட்டிங் நிலைக்கும். தேக்கு, முதிரை ஆகியவற்றின் வைரப் பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. பைன் பலகை மலிவு, ஆனால் மருந்து ஏற்றாததை வாங்காதீர்கள். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப் பலகையை அடித்தால் சுருங்கி மூட்டு வாய் பிளக்கும்.

பலகையைப் பூட்டும் முன் பின்பக்கம், வெட்டுமுனை உட்பட எல்லாப் பக்கத்துக்கும் முதல் பூச்சுப் பெயின்ட் அடியுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். சுவரில் இரண்டடிக்கு ஒரு துளை போட்டு ரோல் பிளக் வைத்துத் திருகாணியால் பூட்டுங்கள். நேராக ஆணி அடித்தால் பூச்சு வெடிக்கும், சில நாளில் ஆணியும் ஆடும். துவாரமுள்ள சீமெந்துக் கல்லில் பிளக் சுழன்று பிடிக்காமல் போகலாம், அப்போது கல்லின் கெட்டியான ஓரத்தைத் தேடித் துளையுங்கள். மின்சாரப் பிளக் பொயின்டுக்கு நேர் கீழேயும் மேலேயும் ஒருபோதும் துளைக்காதீர்கள். வயர் அந்த வழியாகத்தான் ஓடும்.

வெளிமூலையில் இரண்டு பலகையையும் 45 பாகைக்குச் சாய்த்து வெட்டிச் சேருங்கள். உள்மூலைக்கு அப்படிச் செய்யாதீர்கள். முதல் பலகையை மூலை வரை நேராக விட்டு, இரண்டாவது பலகையின் முனையை முதல் பலகையின் முக வடிவத்துக்கே செதுக்கிப் பொருத்துங்கள். மரம் சுருங்கினாலும் அந்த மூட்டு திறக்காது. பழைய பங்களாக்களின் மூலைகளில் தச்சர்கள் விட்டுப்போன இந்த வேலையை இன்றும் பார்க்கலாம்.

கறையானும் நம் காகிதங்களும்

கறையானுக்கு வெளிச்சம் ஆகாது. மண்ணால் ஒரு குழாய் கட்டி அதற்குள்ளேதான் நடக்கும். நிலமும் சுவரும் சேரும் வெடிப்பு அதற்கு ராஜபாட்டை. மாதம் ஒரு முறை விளக்கைப் பிடித்துச் சுவரடியைச் சுற்றிப் பாருங்கள். மண் குழாய் கண்டால் ஓரிடத்தில் உடைத்து விடுங்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே கூட்டம் உயிரோடு இருக்கிறது. அப்போது பழகிய ஆளைக் கூப்பிட்டு மருந்து வைக்க வேண்டும். தோட்டத்தில் மிஞ்சிய புல் மருந்தையும் பூச்சி மருந்தையும் வீட்டுக்குள் தெளிக்கவே கூடாது. குழந்தை தவழும் நிலம் அது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் குடும்பங்களில் முக்கியமான காகிதமெல்லாம் ஒரு பெட்டியில்தான் இருக்கும். அந்தப் பெட்டி பெரும்பாலும் சுவரோரத்தில், நிலத்தில்தான் இருக்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை பிரஜாவுரிமைக்காக நம்மவர் ஒரு துண்டுக் காகிதத்தைத் தேடிக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி அனுமதிப் பத்திரம், சேமலாப நிதிக் காகிதம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். கறையானுக்குக் காகிதமும் மரமும் ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில் ஒரு பரம்பரையின் சாட்சியை அது தின்றுவிடும். வன்னியில் இடம்பெயர்ந்தபோது காகிதத்தை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. குண்டுக்குத் தப்பிய காகிதம் கறையானுக்குப் போகலாமா?

ஆகவே ஸ்கேர்ட்டிங் போட்டாலும் போடாவிட்டாலும் இதை இன்றே செய்யுங்கள். காகிதங்களை இறுக மூடும் பிளாஸ்டிக் அல்லது தகர டப்பாவில் போடுங்கள். பெட்டியை இரண்டு கல்லின் மேல் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

- ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஸ்கேர்ட்டிங் போடாதீர்கள்.
- வன்னிக்குச் சீமெந்து அல்லது டைல். பலகை வேண்டாம்.
- சீமெந்து என்றால் ஒன்றுக்கு மூன்று, ஏழு நாள் நனைப்பு.
- பலகை என்றால் எல்லாப் பக்கமும் பெயின்ட், ரோல் பிளக், திருகாணி.
- மாதம் ஒரு முறை விளக்கைப் பிடித்துச் சுவரடியைப் பாருங்கள்.

பங்களாவின் பலகையைத் துடைத்துப் பொலிஷ் போட்டவர்கள் நம் தாய்மார். இன்று 7 பேர்ச் காணியிலும் புளியங்குளத்துச் செம்மண்ணிலும் சொந்தச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள் அவர்களுடைய பிள்ளைகள். புளியங்குளத்தில் உறவினர் இருந்தால் இந்த இதழைப் படித்து முடித்ததும் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். மாரி தொடங்கும் முன் அவர்கள் கையில் கிடைத்தால் நல்லது.